சாமிக்கு ஊற்றுகிற எண்ணெய்

மலேசியாவையும் இந்தோனேசியாவையும் நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு மாதம் மழை தப்பிப் பாமாயில் விலை ஏறினால், ஸ்ரீரங்கத்தில் அதை முதலில் தெரிந்துகொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. அம்மாமண்டபம் சாலையிலிருந்து திரும்பும் ஒரு சந்தில் மாமனார் வைத்துவிட்டுப் போன மளிகைக்கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணவர் பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போகிறவர். கல்லாவில் உட்கார்ந்தால் அவருக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் கடை என் தலையில் விழுந்தது. தலையும் பழகிவிட்டது.

காலையில் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்து ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்பே செல்போனைத்தான் பார்ப்பேன். மொத்த வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. இறக்குமதி வரி ஏறியதா இறங்கியதா, கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, எல்லாம் அதில் வந்துவிடும். அதைப் படித்துக்கொண்டே காபியை ஆறவிடுகிற என்னைப் பார்த்து, எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காயுது என்பார் கணவர். நிதிமந்திரியின் கவலையை நான் எதற்குச் சுமக்கிறேன் என்று கேலி. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற மனிதர், பேசலாம்.

என் கடையில் எண்ணெய் வைத்திருக்கும் அடுக்கைப் பார்த்தாலே இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். தலைக்கு மேலே ஆலிவ் எண்ணெய் இரண்டு பாட்டில். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து போனில் சொல்லி வாங்க வைப்பது அது. மற்ற நாளில் அதைத் துடைத்து வைப்பதுதான் எங்கள் வேலை. கண் மட்டத்தில் மரச்செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். இடுப்பு மட்டத்தில் சூரியகாந்தி. எங்கேயோ யுத்தம் என்று சொல்லி ஒரு காலம் அந்தத் தட்டு காலியாகவே கிடந்தது. பாமாயில் பாக்கெட்டுகள் தரையில், வாய் கிழித்த அட்டைப்பெட்டியில். நிமிர்ந்து எடுப்பவர்கள் யார், குனிந்து எடுப்பவர்கள் யார் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நிமிர்ந்து எடுப்பவர்கள் சாயங்காலம் சித்திரை வீதியைச் சுற்றி நடக்கிறவர்கள். குனிந்து எடுப்பவர்களுக்கு நடப்பதற்கென்று தனியாக நேரம் கிடையாது.

விளக்கு எண்ணெய் இந்த அடுக்கில் சேராது. அது கற்பூரம், திரி, மஞ்சள் பொடி இருக்கிற மூலையில். தவிட்டு எண்ணெயில் மட்டமானது, பாமாயிலில் கழித்தது, சாப்பாட்டுக்குத் தேறாத இன்னும் என்னவோ, நிறத்துக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று என்று கலந்து வருவது. பாட்டிலில் எள்ளுப்பூ படம் போட்டிருக்கும். பெரிய எழுத்தில் தீபத்துக்கான நல்லெண்ணெய் என்றும் அடியில் பொடி எழுத்தில் சமையலுக்கு அல்ல என்றும் இருக்கும். நல்லெண்ணெய் விலையில் பாதிகூட இருக்காது. என் வீட்டில் நாங்கள் சாப்பிடுவது செக்கு எண்ணெய், சாமி விளக்குக்கு இந்த பாட்டில்தான். பெருமாள் இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் கடையில் சரக்கு நிறுத்துக் கட்டுகிறவர் லால்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். கொள்ளிடக்கரைப் பக்கம் வாடகை வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருக்கிறார். மனைவி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்பதுதான், உட்கார நாற்காலி கிடையாது. அவருடைய அண்ணன் ஊரில் நெல் அறுத்த வயலில் எள்ளு போடுகிறவர். எள்ளுக்காரன் வீட்டில் பாமாயிலா என்று நான் ஒருமுறை சீண்டியதற்கு அவர் நிதானமாகச் சொன்னார்.

"எங்க எள்ளு கப்பல் ஏறிடும்க்கா. பாமாயில் கப்பல்லேர்ந்து இறங்கிடும். நடுவுல நாங்க இருக்கோம்."

ஓர் ஆவணி மாதம், சர்க்கரை மூட்டையைத் தூக்கப்போனவர் அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். இடது கை மரத்துப்போகிறது என்றார். ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காப்பீட்டு அட்டையில் ரத்தக்குழாய்க்கு உள்ளே ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று அவர் மனைவியிடம் டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். வீட்டில் என்ன எண்ணெய் என்று கேட்டிருக்கிறார். ரேஷன் பாமாயில் என்றதும், அதை நிறுத்துங்கள், நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ கொஞ்சமாக ஊற்றுங்கள் என்றாராம். அவள் கடைக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அடுக்கில் கண் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீரகம் மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதமே டெல்லியில் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியை ஏற்றினார்கள். நம் ஊர் எள்ளுக்கும் கடலைக்கும் விலை கிடைக்க வேண்டும் என்பதற்காம். நல்ல காரணம்தான், ஒன்றும் சொல்வதற்கில்லை. பழைய விலைக்கு வாங்கி அடுக்கின சரக்குக்கும் அன்று மத்தியானமே புது விலை வந்துவிட்டது. பாமாயில் ஏறியதும், அதைப் பார்த்து மற்ற எண்ணெய்களும் ஏறின. எதிர்முனை பஜ்ஜிக்கடைக்காரர் மூன்று நாள் எண்ணெயை ஐந்து நாளைக்கு இழுத்தார். லால்குடி அண்ணனுக்கு விலை கிடைத்ததா என்று கேட்டேன். வரி ஏறுவதற்கு முன்பே எள்ளைக் களத்திலேயே கொடுத்துவிட்டாராம். வைத்துக் காப்பாற்ற அவரிடம் இடம் ஏது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி விளக்கு எண்ணெய் வாங்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு பாட்டில். தீபாவளி தாண்டுவதற்குள் இன்னொன்று, கார்த்திகைக்கு இரண்டு. ஓர் அறையும் ஒரு சமையலிடமும் உள்ள வீட்டில் அவ்வளவு எண்ணெய் எரிய வழியில்லை. மலைக்கோட்டை உச்சியில் ஏற்றுகிற தீபம் இந்த வருஷம் உங்கள் வீட்டிலா என்று கேட்டேன். சிரித்தாள். அப்போது பக்கத்தில் நவதானியம் வாங்கிக்கொண்டிருந்த உத்திர வீதி மாமி ஒருவருக்குக் கண் கலங்கியே விட்டது. அகண்ட தீபம் ஏத்தறா போலிருக்கு, மாங்கல்ய பலம், ரங்கநாதன் கைவிடமாட்டான் என்று அவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். அவள் அதற்கும் சிரித்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் விளக்கு எண்ணெய் அதிகம் செலவானால் அது பக்தி என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்கழியில் கோயிலில் பகல்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்த நாட்கள். ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம், கடையில் மூச்சுவிட நேரமில்லை. மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்ததும் சரக்குக் கட்டுகிறவர் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். புளிசாதம். நான் கல்லாவில் இருந்தேன். எனக்குச் சாமி சந்நிதி வாசனை வந்தது. யாரோ கூடையில் பூஜை சாமான் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துச் சுற்றிலும் தேடினேன். மூக்கு கடைசியில் டிபன் டப்பாவில் போய் நின்றது.

இத்தனை வருஷம் எண்ணெய் விற்றவளுக்கு அந்த வாசனையில் சந்தேகம் வராது. சாதத்தை ஒரு விரலில் எடுத்து மோந்து பார்த்தேன். நாக்கில் வைக்கத் துணிச்சல் வரவில்லை. அவரிடம் அந்தச் சாதத்தைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி, என் வீட்டிலிருந்து வந்த தயிர்சாதத்தைக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லெண்ணெய்தான் அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக வீட்டில் நல்லெண்ணெய்தான், உங்களிடம்தானே வாங்குகிறாள் என்றார். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் உடம்புக்கு நல்லது என்று பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள். மனுஷர் நான்கு மாதமாக மூன்று வேளையும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் ஜவுளிக்கடையிலிருந்து திரும்புகிற வழியில் அவளைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். கோபத்தில் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். பாட்டிலைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தை அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். பத்தாவது வரை படித்தவளிடம் கேட்கிற கேள்வியா அது.

"படிச்சேங்க்கா," என்றாள். "சாமிக்கு வெச்சதை நாம முன்னாடி தொடக் கூடாதுல்ல, அந்த ஆசாரத்துக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அதான் புது பாட்டில் வாங்குனா மொதல்ல விளக்குக்கு ஊத்திட்டு, கும்பிட்டுட்டு, அப்புறமாத்தான் சமைப்பேன்."

அவள் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி எள்ளுப்பூ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"சாமிக்கு ஊத்துற எண்ணெய் மனுசனுக்கு ஆகாம போகுமாக்கா?"

அதற்கு நான் தவிட்டு எண்ணெய், கழிவு எண்ணெய் என்று என்னவோ விளக்கம் சொன்னேன். சாமி அதைக் குடிப்பதில்லை, எரிக்கத்தான் செய்கிறார் என்றேன். அவள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. நானே அவருக்கு விஷம் வைத்துவிட்டேனா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்குத் தெரியாது. அவருடைய ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறித்தான் இருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். எண்ணெய் விஷயத்தை அவர்கள் அங்கே சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

மாதம் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் கடையிலிருந்து எடுத்துக்கொள், இதற்கு விலை கிடையாது என்றேன். வேண்டாம் என்று ரொம்ப நேரம் மறுத்தாள். வேலைக்காரருக்கு ஏதாவது ஆனால் மூட்டையை யார் தூக்குவது, என் சுயநலம்தான் என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டாள். டாக்டர் கொஞ்சமாகத்தானே ஊற்றச் சொன்னார், ஒரு லிட்டர் போதும் என்று எனக்குப் பட்டது. அவளும் போதும் என்றாள். அன்று ராத்திரி கணவரிடம் இதைச் சொன்னேன். உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறாய் என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வருவதே அபூர்வம்.

அதன் பிறகு எல்லாம் சரியாகத்தான் போனது. பங்குனியில் எடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. சரக்குக் கட்டுகிறவர் அந்தத் தாளைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினார். முகத்தில் களை திரும்பியிருந்தது. குனிந்து பாமாயில் எடுக்கிற பெண்களிடம், இதெல்லாம் எதுக்கும்மா, எங்க வீட்ல நல்லெண்ணெய் மட்டும்தான் என்று பெருமையடிக்க ஆரம்பித்தார். வியாபாரத்தைக் கெடுக்காதீர்கள் என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி, உனக்கென்னப்பா, மளிகைக்கடைக்கே மாப்பிள்ளை மாதிரி இருக்கே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வைகாசியில் வரியைக் குறைத்தார்கள். விலைவாசி ஏறிப்போனதால் ஜனங்களுக்காகக் குறைக்கிறோம் என்று அறிவிப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது போல, ஏறும்போது அதே மத்தியானம் ஏறிய விலை இறங்கும்போது மொத்த வியாபாரியிடமிருந்து என் கடைக்கு வந்து சேர ஒரு மாதம் ஆனது. பாமாயில் மட்டும் இறங்கியது. செக்கு எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்தது. வாசல் பலகையில் புது விலையை அவர்தான் சாக்பீஸால் எழுதினார். பெண்கள் இரண்டிரண்டு பாக்கெட்டாக எடுத்துப்போனார்கள். எனக்கும் வியாபாரம் நன்றாக ஆனது, பொய் சொல்வானேன்.

ஆடி பிறந்தது. ஜவுளிக்கடைகளில் தள்ளுபடிக் கூட்டம். பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாள், காவிரிக்குப் போகிற ஜனம் என் சந்து வரை நிரம்பி, நானும் அவரும் காதோலை கருகமணி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. மனைவி புடவைப் பிரிவில் மயங்கி விழுந்துவிட்டாள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று. கடையை அப்படியே பாதிக் கதவில் இழுத்துவிட்டு நானும் கூடப் போனேன். காவிரிப் பாலத்தில் ஆட்டோ நகரவே இல்லை. அவர் வழியெல்லாம், வெயிலாக இருக்கும், சாப்பிடாமல் நின்றிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

வெயில் இல்லை. நெஞ்சுதான். நல்லவேளையாக விழுந்த உடனே கொண்டுவந்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. மறுநாள் அவளை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். நான் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயது டாக்டர் அம்மா ஒருவர் எழுதிக்கொண்டே கேள்வி கேட்டார். வீட்டில் யாருக்காவது முன்பு இருந்ததா, சர்க்கரை உண்டா, சமையலுக்கு என்ன எண்ணெய். கடைசிக் கேள்விக்கு அவர் முந்திக்கொண்டார்.

"நல்லெண்ணெய்தாங்க டாக்டர். ஏழு மாசமா எங்க வீட்ல வேற எண்ணெயே கெடையாதுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அவர் கீழே போனதும் என் பக்கம் திரும்பினாள். கையில் ஊசி குத்தியிருந்ததால் விரலை மட்டும் அசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். குரல் மெலிந்திருந்தது, பேச்சில் தடுமாற்றம் இல்லை.

ஒரு லிட்டர் நான்கு பேருக்குக் காணாது. அதனால் இரண்டு வாணலி வைத்திருக்கிறாள். அவருக்கு ஒன்று, அதில் நல்லெண்ணெய். மற்றதில் பாமாயில். ரேஷனில் வந்தால் ரேஷன், வராத மாதம் பாக்கெட். விலை இறங்கிய பிறகு கஷ்டமில்லை என்றாள். காலையில் அவர் எழுவதற்கு முன்பே இரண்டு சமையலும் முடிந்துவிடும். ராத்திரி அவர் கடையிலிருந்து வருவதற்குள் இவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். கூடச் சேர்ந்து சாப்பிடாமல் என்ன அவசரம் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதைக் கடையில் நானே கேட்டிருக்கிறேன்.

பாமாயிலை வீட்டில் அவர் பார்க்கவே இல்லையா என்று கேட்டேன்.

"விளக்கு எண்ணெய் பாட்டில் காலியா கெடந்துச்சில்லக்கா, அதுல ஊத்தி சாமி படத்துக்கிட்ட வெச்சிடுவேன். விளக்குக்குன்னு நெனச்சுக்குவாரு."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவளைத் திட்டினால் படுத்திருக்கிறவளைத் திட்டிய பாவம். கப்பலைத் திட்டலாம், டெல்லியைத் திட்டலாம், அவர்களுக்கு என் குரல் கேட்கவா போகிறது. கடைசியில் பெண்கள் இரண்டும் எதைச் சாப்பிட்டன என்று மட்டும் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"அதுங்களும் என்கூடத்தானேக்கா," என்றாள். பிறகு, "அவருகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா தனக்கும் அதையே ஊத்தச் சொல்லிடுவாரு," என்றாள்.

நான் எழுந்து போய் வராந்தாவில் அந்த டாக்டர் அம்மாவைப் பிடித்து உள்ளதைச் சொன்னேன். அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். அவள் வீட்டுக்காரரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மருந்துப் பையோடு அவள் கணவர் படியேறி வந்தார். மூச்சு வாங்காமல் வந்தார், உடம்பு அவ்வளவு தேறியிருந்தது. டாக்டர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஓய்வு வேண்டும் என்று சொன்னார்கள் என்றேன். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எண்ணெய்ல ஒண்ணும் கொறையில்லையேக்கா? நீங்க குடுத்ததைத்தானே நாங்க எல்லாரும் சாப்பிடுறோம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் போலப் படுத்திருந்தாள்.

ஆமாம் என்றேன்.